செம்பவாங் சின்னத் தாத்தாவின் கைகளில் இருந்தது எந்த மொழி?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். உங்கள் அப்பாவின் சித்தப்பா 1946இல் பிறந்தவர், குழந்தையிலிருந்தே காது கேட்காது. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்து, மரவேலை செய்து பிழைத்து, சென்ற ஆண்டு காலமானார். "ஸ்கூல் லாரி வந்து கூட்டிப் போகும், சீனப் பிள்ளைங்க நிறைய இருப்பாங்க" என்று பாட்டி சொல்கிறார். பெரியப்பாவோ "ஸ்கூலாவது ஒண்ணாவது, எல்லாம் வீட்டுச் சைகைதான்" என்கிறார். ஆறு என்று சொல்ல அவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டுவார், பெண்களைக் குறிக்க மூக்கைத் தொடுவார் என்பது உங்கள் நினைவு. அவர் பேசியது தமிழ்ச் சைகை மொழியா, அந்தக் காலச் சிங்கப்பூரில் அவரைப் போன்ற பிள்ளை படிக்க இடம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அவருக்கு மொழி என்று ஒன்று இருந்ததா, இல்லை ஆயுள் முழுக்க ஜாடை காட்டியே சமாளித்தாரா? அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் முதியவர்களுக்கு மருத்துவமனையிலும் குடும்ப விசேஷங்களிலும் சைகையில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். வரலாறு என் படிப்பு அல்ல. அதனால் எது பதிவில் உள்ளது, எது நான் பழகிப் பார்த்தது, எது வெறும் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் சின்னத் தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் நீங்கள் தந்த நாலைந்து குறிப்புகளை வைத்துத்தான்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. தமிழ்ச் சைகை மொழி என்று, அதாவது தமிழைக் கையால் பேசும் மொழி என்று, ஒன்று இல்லை. சைகை மொழிகள் சுற்றியிருப்பவர்கள் பேசும் மொழியின் நிழல் அல்ல. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால் அந்த இரண்டு நாடுகளின் சைகை மொழிகளும் வேறு வேறு. ஆங்கில எழுத்துகளைக் காட்டக்கூட இங்கிலாந்துக்காரருக்கு இரண்டு கை வேண்டும், அமெரிக்கருக்கு ஒரு கை போதும். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, அது முழுமையான மொழி என்பதை வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து காட்டினார். அதுவரை படித்தவர்களே அதை வெறும் கையாட்டம் என்றுதான் நினைத்தார்கள். தமிழ்நாட்டில் காது கேளாதோர் பேசுவது இந்தியச் சைகை மொழி என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. அந்த விஷயத்தில் நெல்லைச் சீமை சிங்கப்பூருக்கு அரை நூற்றாண்டு முந்தியது. எனவே ஊரிலிருந்து யாராவது இந்தியச் சைகையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு மொழி ஊன்ற அதைப் பேசும் கூட்டம் வேண்டும். அப்படி ஒரு தமிழ்க் காதுகேளாதோர் கூட்டம் இங்கே தனியாக இருந்ததற்கான தடயம் எதையும் நான் கண்டதில்லை.

அடுத்து, பள்ளி. 1950களுக்கு முன் காது கேளாத பிள்ளைக்குச் சிங்கப்பூரில் முறையான பள்ளி இல்லை என்றே சொல்லலாம். 1950களின் தொடக்கத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தார் ஒரு சிறு வகுப்பு நடத்தினார்கள். அது வாய்வழிக் கல்வி: உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், குரலெடுத்துப் பேசப் பழக வேண்டும், கை அசையக் கூடாது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை வகுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பாரம் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளிலும் வந்து இறங்கியது. 1955இல் ஒரு சங்கம் அமைந்தது. அதுதான் 1973இல் பெயர் மாற்றிக்கொண்டு இன்றைய சிங்கப்பூர்க் காதுகேளாதோர் சங்கமானது. 1956இல் கனோசியன் கன்னியாஸ்திரிகள் ஒரு பள்ளி தொடங்கினார்கள், அதுவும் வாய்வழிதான்.

இவை எல்லாவற்றிலும் வித்தியாசமானவர் பெங் சு யிங். ஷாங்காயில் பிறந்தவர், சிறுவயதிலேயே செவிப்புலனை இழந்தவர். சிங்கப்பூருக்கு வந்து, காது கேளாத பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சைகையில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 1954இல் சீனச் சைகைப் பள்ளியை நிறுவினார். மனைவியும் காது கேளாதவர், அவரும் அங்கே ஆசிரியை. பெங் கார்ப் பந்தய வீரரும்கூட. காது கேட்காதவன் சாலையில் வண்டி ஓட்டலாமா என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் பந்தயத் தடத்தில் ஓட்டியவர். 2018இல் காலமானார். சிங்கப்பூரின் சைகை மொழிக்கு அடித்தளம் போட்டவர் ஒரு காது கேளாத மனிதர் என்பதை நான் அடிக்கடி அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் இந்த வரலாற்றைக் கேட்கும் பலரும் யாரோ இரக்கப்பட்டு இவர்களுக்கு ஒரு மொழியைக் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நடந்தது அது அல்ல. மொழி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது, அதைப் பேச ஓர் இடம்தான் தேவைப்பட்டது. 1963இல் சீனச் சைகைப் பள்ளியும் சங்கத்தின் வாய்வழிப் பள்ளியும் மவுண்ட்பேட்டன் சாலையில் ஒன்றாகி, சிங்கப்பூர்க் காதுகேளாதோர் பள்ளி உருவானது. ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் சீன மொழியும் சைகையும், இன்னொரு பக்கம் ஆங்கிலமும் வாய்ப்பேச்சும்.

இனி உங்கள் சின்னத் தாத்தாவுக்கு வருகிறேன். இங்கிருந்து சொல்வது பெரும்பாலும் ஊகம். சீனச் சைகைப் பள்ளி தொடங்கியபோது அவருக்கு எட்டு வயது, பள்ளிகள் ஒன்றானபோது பதினேழு. செம்பவாங் தீவின் வடக்கு முனை, மவுண்ட்பேட்டன் தென்கிழக்குக் கரையோரம். தளத்தில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளையைத் தினமும் அவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுவது நடக்காத காரியம். அதனால் வண்டி வந்தது என்று பாட்டி சொல்வது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. வண்டி வராவிட்டால் பள்ளியே இல்லை என்பதுதான் பல குடும்பங்களின் நிலைமை. எந்தப் பள்ளி என்றால், சீன வழியில் நடந்த பள்ளிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளையை அனுப்ப அன்றைக்குக் காரணம் குறைவு. ஆங்கில வழியில் நடந்த வாய்வழி வகுப்பில் சேர்த்திருக்கவே வாய்ப்பு அதிகம். வயது கடந்து சேர்வது அப்போது சாதாரணம் என்பதால், 1963க்குப் பிறகு மவுண்ட்பேட்டன் வளாகத்தில் ஓரிரு ஆண்டு இருந்திருக்கவும் கூடும். "சீனப் பிள்ளைங்க நிறைய" என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். சிங்கப்பூரில் எந்தப் பள்ளி வண்டியிலும் சீனப் பிள்ளைகள்தான் அதிகம்.

எனக்கு இதைவிடப் பெரிய தடயமாகத் தெரிவது அந்த "ஆறு". ஆறு என்று காட்ட நம்மவர்கள் ஒரு கையின் ஐந்து விரல்களோடு மறு கையின் ஒரு விரலைச் சேர்ப்போம், இல்லாவிட்டால் விரல் கணுக்களைக் கட்டைவிரலால் எண்ணுவோம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி நடு மூன்றையும் மடக்கினால் அது சீனர்களின் ஆறு. அமெரிக்கச் சைகையில் ஆறு இதற்கு நேர் எதிர்: சுண்டுவிரல் நுனியைக் கட்டைவிரல் தொட, நடு மூன்று விரல்களும் நிமிர்ந்து நிற்கும். உங்கள் சின்னத் தாத்தா காட்டியது சந்தேகமில்லாமல் சீன வழி. ஆனால் அதை எங்கே பிடித்தார்? இரண்டு வழி இருக்கிறது. பெங்கின் மாணவர்களோடு பழகியிருக்கலாம். அல்லது சந்தையில் மீன் விற்கும் சீனர்கள் இரைச்சலுக்கு நடுவே விலை காட்டுவதைப் பார்த்தே பழகியிருக்கலாம், ஏனென்றால் காது கேட்கும் சீனர்களும் இப்படித்தான் எண்ணுவார்கள். ஒரு எண்ணை வைத்துத் தீர்மானிக்க முடியாது. எனவே வீட்டில் மற்ற எண்களையும் கேளுங்கள். பிறகு "மனிதன்" என்பதற்கு என்ன காட்டினார் என்று கேளுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கூரை மாதிரி சாய்த்து ஒட்டவைத்திருந்தால் அது சீன எழுத்தை அப்படியே கையில் வரைவது. அது மீன் சந்தையில் கிடைக்காது. அதைக் காட்டிய நினைவு யாருக்காவது இருந்தால், அவர் சீனச் சைகைக்காரர்களோடு நெருங்கிப் பழகியவர் என்று தைரியமாகச் சொல்வேன்.

மூக்கைத் தொடுவது வேறு கதை. இந்தியச் சைகை மொழியில் பெண்ணைக் குறிக்க மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொடுவார்கள், ஆணுக்கு மீசையை முறுக்குவது போல. இதைக் கேட்டதும் ஊர்த் தொடர்பு என்று தோன்றும். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அம்மா, பாட்டி, அத்தை எல்லோரும் மூக்குத்தி போட்ட வீட்டில் வளரும் பிள்ளை, யாரும் சொல்லித்தராமலே மூக்கைத் தொட்டுத்தான் பெண்ணைக் காட்டும். நான் பழகிய தமிழ் முதியவர்கள் சிலர் மனைவியைக் குறிக்க நெற்றிப் பொட்டைத் தொடுவார்கள், கோயிலுக்குத் திருநீற்றுப் பட்டையை இழுப்பார்கள், தைப்பூசத்துக்குத் தோளில் காவடியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். இவையெல்லாம் நம் வீடுகளிலேயே முளைத்தவை என்று நினைக்கிறேன். தமிழ்ச் சைகை என்று நீங்கள் தேடுவது ஏதாவது இருந்தால், அது இந்த வீட்டுச் சைகைகளில்தான் இருக்கும்.

உங்கள் பெரியப்பா சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. காது கேளாத பிள்ளை தனியாக ஒரு வீட்டில் வளர்ந்தால், குடும்பத்தோடு சேர்ந்து சைகைகளை உண்டாக்கிக்கொள்ளும். அது சின்னது, அந்த வீட்டு வாசலோடு நின்றுவிடும். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் நல்ல சான்றுகள் இருக்கின்றன. நிகராகுவா நாட்டில் 1970களின் இறுதியில் பள்ளியில் ஒன்றுசேர்ந்த பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே புதிய மொழியை வளர்த்தெடுத்தார்கள். நமக்குப் பக்கத்தில் பினாங்கு இருக்கிறது. 1954இல் தொடங்கிய பள்ளியில் வகுப்பில் வாய்வழிக் கல்வி, விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகளின் சொந்தச் சைகை. அதுவே பினாங்குச் சைகை மொழியானது. மவுண்ட்பேட்டனில் படித்த முதியவர்களும் இதையேதான் சொல்வார்கள்: வகுப்பில் உதட்டைப் பார்த்தோம், மணி அடித்ததும் கையால் பேசினோம்.

குடும்பத்தினர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். காது கேளாதவருக்கு வீட்டில் ஒரு முகம், தன் ஆட்களிடம் இன்னொரு முகம். ஒரு நிச்சயதார்த்தத்தில் மணப்பெண்ணின் தாத்தாவைப் பார்த்தேன். உறவினர்களிடம் அவர் காட்டியது மூன்றே மூன்று: சாப்பிட்டாயா, போதும், நல்லது. யாரும் அவரிடம் அதற்கு மேல் பேசவும் இல்லை. அப்புறம் அவருடைய பள்ளிக்காலச் சிநேகிதர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கை லாரியானது, வலது கை சைக்கிளானது, முகத்தில் முதலில் ஓட்டுநர் வந்தார், பிறகு போலீஸ்காரர் வந்தார், சிநேகிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு விபத்தும் அதன் விசாரணையும் முழுசாக ஓடி முடிந்தன. பக்கத்தில் இருந்த மகன், அப்பாவுக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது என்று என்னிடம் சொன்னார். உங்கள் பெரியப்பா பார்த்தது வீட்டு முகத்தை. அவர் சொல்வது பொய் அல்ல, ஆனால் அது முழுக் கதையும் அல்ல.

சின்னத் தாத்தாவுக்கு முப்பது வயதாகும்போது இங்கே காற்று திசை மாறியது. அமெரிக்காவில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் படித்துத் திரும்பிய லிம் சின் ஹெங் என்ற காது கேளாத சிங்கப்பூரர் 1970களின் நடுவில் அமெரிக்கச் சைகையைப் பரப்பினார். 1976இல் காலடெட்டின் ஃபிரான்சஸ் பார்சன்ஸ் வந்து, பேச்சு, சைகை, எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் முழுமைத் தொடர்பு முறையை வலியுறுத்தினார். தொடர்ந்து, ஆங்கில வாக்கியத்தை விகுதி விடாமல் கையில் காட்டும் முறை பள்ளிகளுக்குள் வந்தது. ஷாங்காய், அமெரிக்கா, அந்த ஆங்கில முறை, உள்ளூரில் பிறந்த சைகைகள் எல்லாம் கலந்த இன்றைய மொழிக்குச் சிங்கப்பூர்ச் சைகை மொழி என்று ஆண்ட்ரூ டான் 2008இல் பெயரிட்டார். அவரும் காது கேளாதவர். 1970களுக்கு முன் வளர்ந்த உங்கள் சின்னத் தாத்தா போன்றவர்களிடம் ஷாங்காய்ச் சாயலும் வீட்டுச் சைகையும் தூக்கலாக இருக்கும். அந்தத் தலைமுறை இப்போது வேகமாகக் குறைந்து வருகிறது. மவுண்ட்பேட்டன் பள்ளியும் மாணவர் குறைந்து 2017இல் மூடப்பட்டது. 2018 முதல் தொடக்கநிலைப் பிள்ளைகள் மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில் காது கேட்கும் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய வலி. இந்தப் பள்ளிகளில் சீனம் இருந்தது, பிறகு ஆங்கிலம் நிலைத்தது. தமிழ் இல்லை. நான் பழகிய தமிழ்க் காதுகேளாத முதியவர்களில் பெரும்பாலோர் தமிழ் எழுத்தைப் படிக்கக் கற்றதே இல்லை. அவர்களின் அம்மாக்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட மகன் எழுதுவதை அம்மா படிக்க முடியாது, அம்மா எழுதுவதை மகன் படிக்க முடியாது. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வீட்டுச் சைகை மட்டும்தான். அதனால்தான் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் என்கிறேன். பெற்ற தாய் தன் பிள்ளையோடு பேச உண்டாக்கிய மொழி அது.

மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றில் நம் ஊர் எங்கோ ஓரத்தில் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். தங்கள் வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கே சம இடம் வேண்டும் என்று 1980இல் கனடாவின் வின்னிபெக் மாநாட்டில் கேட்டு, அது மறுக்கப்பட்டதும் வெளியே வந்து தனி உலக அமைப்பு கண்டவர்கள், தங்கள் முதல் மாநாட்டை 1981இல் நடத்தியது சிங்கப்பூரில்தான். அந்த அமைப்பின் முதல் தலைவர் பார்வையற்றவரான ரான் சந்திரன்-டட்லி. அதே ஊரில், 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு விலக்களித்தது. 2019இல்தான் அவர்களும் அதற்குள் வந்தார்கள். சின்னத் தாத்தாவைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அனுப்பியிருந்தால், அது உங்கள் கொள்ளுப் பாட்டியும் கொள்ளுத் தாத்தாவும் தாங்களாக எடுத்த முடிவு.

சரி, இனி என்ன செய்யலாம். தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம், தமிழ் முரசும் அதில் உண்டு. 1950, 60களில் பத்திரிகைகள் இன்று நாம் கூச்சப்படும் பழைய சொற்களையே எழுதின. அந்தச் சொற்களைப் போட்டுத் தேடினால்தான் செய்திகள் கிடைக்கும். பள்ளி விழா, விளையாட்டுப் போட்டி, பொருட்காட்சி போன்ற செய்திகளின் படங்களில் தமிழ் முகங்களைப் பாருங்கள். பள்ளிச் சேர்க்கை, உறுப்பினர் பதிவு பற்றிக் காதுகேளாதோர் சங்கத்திடம் எழுதிக் கேளுங்கள். பழைய அடையாள அட்டை, வேலைச் சீட்டு, இளவயதுக் குழுப் படம் எது இருந்தாலும் நகலெடுத்து வையுங்கள். சங்கத்துக்கு வரும் எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் யாராவது அடையாளம் காணக்கூடும். காதுகேளாதோர் ஒருவருக்கொருவர் சைகைப் பெயர் வைப்பார்கள், முகத்தில் ஒரு தழும்பு, ஒரு பழக்கம் என்று எதையாவது வைத்து. உங்கள் சின்னத் தாத்தாவின் சைகைப் பெயர் இன்னும் யார் கையிலாவது இருக்கலாம். போகும்போது மொழிபெயர்ப்பாளரோடு போங்கள், கேள்வியை அவரிடம் அல்ல, முதியவர் முகத்தைப் பார்த்தே கேளுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை பாட்டியிடம் இருக்கிறது. அவரை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, தலையிலிருந்து இடுப்பு வரை தெரிகிற மாதிரி கைபேசியில் படம் எடுங்கள். "எப்படிப் பேசுவீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. "சோறு ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்வீர்கள், மழை வருகிறது துணியை எடு என்று எப்படி, உங்கள் மாமியாரை எப்படிக் காட்டுவார், கோபம் வந்தால் என்ன செய்வார்" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், கை தானாக எழும். பெரியப்பாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருத்துவார்கள், அந்தத் திருத்தமும் பதிவாக வேண்டும். எண்கள், உறவுமுறை, கிழமை, பணம், சாமி, சாப்பாடு இவற்றை விடாதீர்கள். யாரிடமாவது காட்டுவதற்கு முன் பாட்டியின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். படம் தயாரானதும் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள். எண்களையும் உறவுமுறைச் சைகைகளையும் நான் பார்த்து, எது எந்தப் பக்கத்துச் சாயல் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். மீதியை எனக்குத் தெரிந்த மவுண்ட்பேட்டன் பழைய மாணவர்களிடம் காட்டிக் கேட்போம்.